ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள்

ஐப்பசி பிறந்து வாடைக்காற்று வீசத் தொடங்கினால் திருகோணமலையில் வீட்டுக்கு வீடு தடிமன். பெரியவர்களுக்கு வந்தால் ஒரு பனடோலும் ஒரு கோப்பை கொத்தமல்லித் தண்ணியும் போதும், இரண்டு நாள் மூக்கைச் சிந்திக்கொண்டு வேலைக்குப் போய்விடலாம். நாலு மாதப் பால்குடிப் பிள்ளைக்கு வந்தால்தான் வீடு கலங்கிப்போகும். பிள்ளைக்கு மூக்கு அடைத்திருக்கும், பாலை இழுக்கும், விடும், அழும், இரவெல்லாம் தூங்காது. அந்த நேரத்தில்தான் ஆளுக்கொரு யோசனை வரும். அம்மம்மா சாம்பிராணி போடச் சொல்வார். பக்கத்து வீட்டு மாமி சித்தாலேப டப்பாவோடு வருவார். யாராவது ஒருவர் பாமசிக்குப் போய்ச் சிரப் போத்தல் ஒன்றோடு திரும்புவார். எல்லோருக்கும் பிள்ளைமேல் அன்புதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் எல்லோரும் கேட்பது ‘என்ன கொடுக்கலாம்’ என்ற ஒரே கேள்வியை. என் வாதம் இதுதான்: தடிமன் பிடித்த கைக்குழந்தைக்குக் கொடுப்பதற்கு அநேகமாக எதுவுமில்லை, பார்ப்பதற்கு நிறைய இருக்கிறது. அந்தப் பார்வையிலும் முதலிடம் ஒரு நிமிடம் முழுதாக மூச்சை எண்ணுவதற்கு.

ஏன் கொடுக்க எதுவுமில்லை என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தடிமன் வைரசால் வருவது. ரைனோ வைரஸ் என்ற ஒரு குடும்பத்தில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றுக்கு உடம்பு பழகும்போது அடுத்தது வந்து நிற்கும். அதனால்தான் ஒரு சிறு பிள்ளைக்கு ஆண்டுக்கு ஆறு, எட்டுத் தடவை தடிமன் வருவது வழமை. இது பிள்ளையின் பலவீனமும் இல்லை, தாயின் கவனக்குறைவும் இல்லை. இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய் ஏழு முதல் பத்து நாளில் தானாகவே இறங்கும், இருமல் மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இழுபடலாம். வைரசை அன்டிபயோட்டிக் ஒன்றும் செய்யாது. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் ‘கிருமி ஏறிவிட்டது’ என்று நினைத்து அன்டிபயோட்டிக் கேட்பவர்கள் பலர். உடம்பின் வெள்ளணுக்கள் வேலை செய்யும்போதும் சளி அந்த நிறத்துக்கு மாறும். நிறத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. வாடையும் மின்விசிறியும் தடிமனை உண்டாக்குவதில்லை. மாரி மழைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரே அறைக்குள் ஐந்தாறு பேர் இருந்து, அதில் ஒருவர் தும்மி, அந்தக் கையாலேயே பிள்ளையைத் தூக்கும்போதுதான் அது ஒட்டுகிறது.

ஒரு விடயத்தில் மட்டும் நாம் உண்மையாகவே உதவலாம், அது மூக்கு. முதல் சில மாதங்களுக்குப் பிள்ளை பெரும்பாலும் மூக்காலேயே மூச்சு விடும். பால் குடிக்கும்போது வாய் பாலுக்கு, மூக்கு மூச்சுக்கு. மூக்கு அடைத்தால் இரண்டு வேலையும் ஒன்றோடொன்று மோதும். நாம் லேசான அடைப்பு என்று நினைப்பது அந்தச் சின்ன மூக்குக்கு லேசானதல்ல. ஒரு குழாயின் ஆரம் பாதியானால் அதனுள் காற்று ஓடுவதற்குள்ள தடை இரண்டு மடங்கல்ல, 16 மடங்கு ஏறும் என்பது பௌதிகத்தில் உள்ள கணக்கு. அதனால் பால் கொடுப்பதற்குச் சற்று முன் பாமசியில் விற்கும் சாதாரண சேலைன் துளியை மூக்கின் இரு பக்கமும் இரண்டு இரண்டு சொட்டு விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, வெளியே வரும் சளியை மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் பிள்ளை பாலை இழுத்துக் குடிப்பதை நீங்களே பார்க்கலாம். அது உப்புத் தண்ணீர்தான், மருந்து கிடையாது. உப்புவெளி என்று ஊருக்கே பெயர் வைத்த நமக்கு உப்பின் அருமையை ஆள் வந்து சொல்ல வேண்டியதில்லை. எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் நடத்திய சோதனையின் முடிவை 2024 செப்டெம்பரில் வெளியிட்டார்கள். பெற்றோர் கடலுப்புக் கரைத்த துளியை மூக்கில் விட்ட பிள்ளைகளுக்கு ஆறு நாளில் தடிமன் தீர்ந்தது, வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களுக்கு எட்டு நாள் எடுத்தது. அவர்களுக்கு அளந்து சொல்லிக் கொடுத்த அளவு ஒன்று இருந்தது. கண்ணளவில் வீட்டில் உப்புக் கரைத்துக் கைக்குழந்தையின் மூக்கில் விடவேண்டாம், பாமசித் துளியே போதும்.

இனி எண்ணுவதற்கு வருவோம். 1980களின் தொடக்கத்தில் நுரையீரல் காய்ச்சல், அதாவது நிமோனியா, வறிய நாடுகளில் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போனது. எக்ஸ்ரே இல்லை, டொக்டர் இல்லை, ஸ்டெதஸ்கோப்பைப் பிடிக்கத் தெரிந்தவர்கூட இல்லாத கிராமங்கள். தடிமனையும் நிமோனியாவையும் அங்கே எப்படிப் பிரித்தறிவது? பப்புவா நியூகினியின் கொரொக்காவில் பிராங்க் ஷான் என்ற குழந்தை வைத்தியரும் அவரது குழுவினரும் மூச்சின் வேகத்தை எண்ணிப் பார்த்தார்கள். பிறகு நம் தமிழ் மண்ணிலேயே, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தாமஸ் செரியன், டி. ஜேக்கப் ஜான் உள்ளிட்டோர் அதைச் சோதித்து 1988-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளை நிமிடத்துக்கு 50க்கு மேல் மூச்சு விட்டால், அதைத் தாண்டிய சிறு பிள்ளை 40க்கு மேல் விட்டால், அல்லது நெஞ்சு உள்ளே குழிந்தால், நோய் மூக்கோடு நிற்கவில்லை, நெஞ்சுக்குள் இறங்கியிருக்கிறது என்று நம்பகமாகச் சொல்ல முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் இன்றும் சொல்லிக் கொடுக்கும் கணக்கு இந்த வழியில் வந்ததுதான்: இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50, ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேகமூச்சு. இதற்குக் காரணம் எளிது. சளியும் நீரும் இறங்கிய நுரையீரல் விறைத்துவிடும், ஆழமாக இழுக்க முடியாது. ஆழத்தில் குறைந்ததை வேகத்தில் ஈடுகட்டுகிறது உடம்பு.

எண்ணும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். பிள்ளை அழும்போது எண்ணக்கூடாது, பால் குடிக்கும்போதும் கூடாது. மடியில் அமைதியாகக் கிடக்கும்போது, தூங்கும்போது என்றால் இன்னும் நல்லது, சட்டையை நெஞ்சுவரை தூக்கிவிடுங்கள். தொப்புளுக்கும் விலாவுக்கும் இடையில் கண்ணை வையுங்கள். வயிறு ஒருமுறை எழும்பித் தாழ்ந்தால் ஒன்று. போனில் 60 வினாடி வைத்து மணி அடிக்கும்வரை எண்ணுங்கள். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்குவது பெரியவர்களுக்குச் சரிவரும், கைக்குழந்தைக்குச் சரிவராது. சின்னப் பிள்ளைகள் கொஞ்சம் வேகமாக விட்டு, சில வினாடி நிறுத்தி, மறுபடி தொடங்குவார்கள், அது அவர்களின் இயல்பு. பதினைந்து வினாடியில் அந்த நிறுத்தம் அகப்பட்டால் கணக்குக் குறையும், அகப்படாவிட்டால் கூடும். காய்ச்சலும் மூச்சைக் கூட்டும். ஆகவே எண் கூடுதலாக வந்தால் சற்றுப் பொறுத்து இன்னொரு முறை முழு நிமிடம் எண்ணுங்கள். சட்டை தூக்கியபடி இருக்கும்போதே விலாவின் கீழ் விளிம்பையும் பாருங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு எழும்ப, நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிந்தால் அதுதான் நெஞ்சு உள்ளிழுப்பு. ஒருதரம் பார்த்தவர் மறக்கமாட்டார். அது தெரிந்தால் எண் எதுவானாலும் புறப்பட வேண்டும்.

இதற்கு முதல் மறுப்பு ஒன்று வரும், அதிலும் நியாயமிருக்கிறது. தாய் ஏற்கெனவே பயந்துபோயிருக்கிறாள், அவள் கையில் ஒரு கணக்கையும் கொடுத்தால் இரவு முழுவதும் எண்ணிக்கொண்டே இருப்பாளே என்பார்கள். பயத்துக்குக் காரணம் கணக்கு கிடையாது, எதைப் பார்ப்பதென்று தெரியாமை. மூக்கு ‘கர்ர் கர்ர்’ என்று சத்தம் போடுவதைக் கேட்டு நெஞ்சு அடைத்துவிட்டது என்று நள்ளிரவில் ஓட்டோ பிடிப்பவர்கள் உண்டு. எண்ணிப் பார்த்தால் 38 இருக்கும். சத்தம் மூக்கில், நெஞ்சு சும்மா இருக்கிறது. அதேபோல் சத்தமே இல்லாமல் அமைதியாகக் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து ‘இப்போ சுகம்’ என்று படுத்துவிடுபவர்களும் உண்டு. எண்ணினால் 64 இருக்கும். இந்த இரண்டாவது வீட்டுக்காகத்தான் நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். காலை ஒருமுறை, மாலை ஒருமுறை, படுக்கப்போகுமுன் ஒருமுறை, பிறகு பிள்ளையைப் பார்க்கும்போது ஏதாவது மாறியதாகத் தோன்றினால் ஒருமுறை. அவ்வளவு போதும்.

நம் மாவட்டத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். நகரத்தில் இருப்பவருக்குப் பொது வைத்தியசாலை பக்கத்தில். மூதூர், கிண்ணியா, கந்தளாய், புல்மோட்டை ஆகிய இடங்களில் ஆதார வைத்தியசாலைகள் உண்டு. ஆனால் ஈச்சிலம்பற்றிலோ வெருகலிலோ ஒரு குடிலில் மாரி மழை கொட்டும் இரவு ஒன்பது மணிக்குத் தாய் எடுக்க வேண்டிய முடிவை நினைத்துப் பாருங்கள். 2009-இல் கிண்ணியாப் பாலம் திறக்கும்வரை அந்தப் பக்கத்து மக்கள் பாதை எனும் படகில் ஏறித்தான் கடலைக் கடந்தார்கள். இப்போது வீதி இருக்கிறது, தூரம் மட்டும் அப்படியே இருக்கிறது. ‘விடியட்டும் பார்ப்போம்’ என்பதும் ‘இப்பவே வெளிக்கிடு’ என்பதும் அந்த வீட்டில் உயிர்ப்பிரச்சினை. ‘பிள்ளைக்கு ஒரு மாதிரியாக இருக்கு மிஸ்ஸி’ என்று குடும்பநல மாதுவுக்குப் போனில் சொன்னால் அவர் என்ன செய்ய முடியும்? ‘மூன்று மாதப் பிள்ளை, இரண்டு தரம் எண்ணினேன், 58, 60’ என்று சொன்னால் அந்தக் கணமே அவருக்குத் தெரியும். 1990 சுவசெரிய அம்புலன்சுக்கு எடுத்தாலும் அப்படித்தான், அது காசும் கேட்காது.

எண் ஒன்றே எல்லாம் என்றும் நினைத்துவிட வேண்டாம். எண் சரியாக இருந்தும் பிள்ளை வழமையாகக் குடிப்பதில் பாதியும் குடிக்கவில்லை, எழுப்ப எழுப்ப மயங்கிக் கிடக்கிறது, உதடோ நாக்கோ நீலமாகிறது, மூச்சுக்கு மூச்சு முனகுகிறது, மூக்குத் துவாரம் விரிந்து விரிந்து சுருங்குகிறது, வலிப்பு வந்தது, ஆறெட்டு மணித்தியாலமாகப் பம்பஸ் நனையவில்லை என்றால் வைத்தியசாலைதான். மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால் வேறெதையும் பார்க்க வேண்டாம், வெறும் தடிமன் காய்ச்சல் என்று வீட்டில் வைத்திருக்கவும் வேண்டாம், அன்றே காட்டுங்கள். பனடோல் கொடுத்துக் காய்ச்சலை இறக்கிவிட்டு விடியும்வரை காத்திருப்பது அந்த வயதில் மிக ஆபத்தானது. பனடோலில் இன்னொரு பொறியும் இருக்கிறது. வழமையான சிரப்பில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம். துளி மருந்து என்று சின்னப் போத்தலில் வருவதில் பெரும்பாலும் ஒரு மில்லிலீற்றருக்கே 100 மில்லிகிராம், அதாவது நாலு மடங்கு செறிவு. சிரப்புக்குச் சொன்ன அளவைத் துளிப் போத்தலிலிருந்து எடுத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது. போத்தலைக் கையில் காட்டி, நிறையைச் சொல்லிக் கேட்டுக் கொடுங்கள்.

சாம்பிராணி விடயத்தில் கோபம் வருபவர்கள் அதிகம். குளிக்க வார்த்ததும் தலைக்குச் சாம்பிராணி காட்டுவது நம் வீடுகளின் வாசனை, எனக்கு அது புரிகிறது. ஆனால் வீங்கிய மூச்சுக்குழலுக்கு எந்தப் புகையும் எரிச்சல்தான், அது தெய்வீகமான புகையா என்று நுரையீரல் கேட்பதில்லை. படித்தவர்கள் இந்த இடத்தில் நல்ல மறுப்பொன்று சொல்லலாம். நாகப்பட்டினம் உள்ளிட்ட தமிழ்நாட்டு ஊர்களையும் சேர்த்து நான்கு நாடுகளில் விறகடுப்புக்குப் பதிலாக எரிவாயு அடுப்புக் கொடுத்து நடத்திய பெரிய ஆய்வின் முடிவு 2024-இல் வந்தது. புகை குறைந்தும் கைக்குழந்தைகளின் கடும் நிமோனியா குறிப்பிடும்படி குறையவில்லை. அப்படியானால் புகையால் கெடுதி இல்லையா? அந்த ஆய்வு கேட்ட கேள்வி, கர்ப்பத்திலிருந்து ஒரு வருடம்வரை சமையலறை எரிபொருளை மாற்றினால் போதுமா என்பது. போதவில்லை. ஏற்கெனவே மூச்சுத் திணறும் பிள்ளையின் முகத்துக்கு நேரே சட்டியில் புகைபோடலாம் என்று அது சொல்லவில்லை. நுளம்புத்திரியும் இதே கணக்குத்தான். ஒரு சுருள் முழுதாக எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் அளந்து எழுதியிருக்கிறார்கள். ‘திரி கொளுத்தாவிட்டால் டெங்கு வருமே’ என்றால் அந்தப் பயத்தையும் நான் குறைத்துப் பேசமாட்டேன். 2017-இல் கிண்ணியா பட்ட பாடு யாருக்கும் மறக்காது, அந்த ஆண்டு நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு. அதற்கு வழி நுளம்பு வலை. பகலிலும் பிள்ளை தூங்கும்போது வலைக்குள் போடுங்கள், டெங்கு நுளம்பு பெரும்பாலும் பகலில்தான் கடிக்கும்.

மூக்கில் எண்ணெய் விடுவதையும் சிரப்பையும் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் வழுக்கிப் போய்த் தங்கும். அதனால் வரும் நிமோனியாவைத் தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்டு 1973-இலேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் எழுதிவிட்டார்கள். சித்தாலேப, கோடாலித் தைலம் போன்ற தைலங்களைக் கைக்குழந்தையின் மூக்கிலோ நெஞ்சிலோ தடவவேண்டாம். கற்பூரம் கலந்தது எதுவானாலும் இரண்டு வயதுக்குள் கிட்டவும் கூடாது, அது வலிப்பைக்கூடக் கொண்டுவரும். தேன் ஒரு வயதுவரை நாக்கில் தொட்டும் வைக்கக்கூடாது. தடிமன் சிரப்புகள் இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பயன் தருவதில்லை, கெடுதி செய்யலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2008-இலேயே எச்சரித்தது. 2025-இல் மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாராவில் நடந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஒரு தடிமன் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கோல் என்ற நஞ்சு 48 சதவீதத்துக்கும் மேல் இருந்தது. சிறுநீரகம் செயலிழந்து 20க்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பலர் சாதாரண தடிமனோடும் இருமலோடும்தான் டொக்டரிடம் போனார்கள். எல்லாச் சிரப்பிலும் நஞ்சிருக்கும் என்று நான் சொல்லவரவில்லை. மருந்தால் குணப்படுத்த முடியாத ஒன்றுக்காகச் சிறு ஆபத்தையும் பிள்ளைமேல் ஏற்றுவதற்கு நியாயம் கிடையாது.

‘நாங்கள் எல்லாம் இந்த வைத்தியத்தில் வளர்ந்தவர்கள்தானே?’ இது கடைசியாக வரும், எப்போதும் வரும். வளர்ந்தவர்கள்தான் இதைச் சொல்ல இருக்கிறார்கள். 1946-இல் இலங்கையில் பிறந்த ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ 140 பேர் முதல் வருடத்தைத் தாண்டவில்லை. இன்று அது பத்துக்கும் கீழே. அந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்ததில் கிளினிக்குக்கும் தடுப்பூசிக்கும் வீடு தேடி வந்த குடும்பநல மாதுவுக்கும் பெரிய பங்குண்டு. அதற்காக அம்மம்மாவின் கையை ஒதுக்கிவிட வேண்டாம். 31ஆம் நாள் துடக்குக் கழியும்வரை வெளியாட்களைப் பிள்ளையிடம் விடாமல் வைத்தது, முஸ்லிம் வீடுகளில் நாற்பது நாள் தாயையும் பிள்ளையையும் காத்தது, இவற்றில் எவ்வளவு அறிவு இருந்தது! இன்று ‘பிள்ளை பார்க்க’ வருபவர் தும்மலோடு வந்து கன்னத்தில் கொஞ்சினால் தடுக்க நமக்கு வெட்கமாக இருக்கிறது. அம்மம்மா வெட்கப்பட்டிருக்கமாட்டார். இங்கே ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே குடிக்கிறார்கள் என்று 2016-இன் தேசிய அளவீடு சொன்னது. உலகத்தில் மிகச் சில நாடுகளே அப்படிச் சொல்ல முடியும், அதிலும் வீட்டுப் பெரியவர்களின் பங்கு சின்னதில்லை. தடிமனிலும் பாலை நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்கச் சொல்லும் அந்தக் குரல் சரியான குரல். கொத்தமல்லி, வேர்க்கொம்பு அவித்த தண்ணியைப் பிள்ளைக்குப் புகட்டாமல் தாய் குடிக்கட்டும், இரவு விழித்திருப்பவள் அவள்தானே.

வைத்தியசாலை இலவசம், முதல் தும்மலுக்கே கொண்டுபோய்க் காட்டினால் என்ன என்றும் கேட்கலாம். சந்தேகம் இருந்தால் தாராளமாகப் போங்கள், யாரும் திட்டினால் திட்டட்டும். ஆனால் வெளிநோயாளர் பிரிவின் வாங்கில் இரண்டு மணிநேரம், இருமும் பத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் உங்கள் பிள்ளை இருப்பதும் சும்மா போவதில்லை. சுகமாகப் பால் குடித்து, சிரித்து, 40 அளவில் மூச்சு விடும் ஐந்து மாதப் பிள்ளைக்கு நல்ல இடம் வீடு. தடுப்பூசித் திகதி வந்தால் மட்டும் தடிமனைச் சாட்டித் தள்ளிப்போடாதீர்கள், காய்ச்சலில்லாத சாதாரண தடிமன் ஊசிக்குத் தடையில்லை. கிளினிக்கில் கேட்டால் சொல்வார்கள்.

இன்றிரவு உங்கள் பிள்ளை சுகமாகத்தான் இருக்கிறது என்றால், தூங்கியபின் ஒருமுறை சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம் முழுதாக எண்ணிப் பாருங்கள். வந்த எண்ணைக் கிளினிக் கொப்பியின் பின் அட்டையில் எழுதுங்கள், பக்கத்தில் 60, 50, 40 என்ற மூன்றையும், அதற்குக் கீழே 1990 என்பதையும் எழுதிவையுங்கள். வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்கும் எண்ணக் காட்டிக் கொடுங்கள், அம்மம்மாவுக்கு முதலில்.